"ஹாக்கெட்" என்பதற்கு "இடையிட்டிசை" பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். ஐரோப்பிய இடைக்கால இசையை மூன்று நான்கு பேர் சேர்ந்து வாசிக்கப் பழகுவதற்கான அறிமுகக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். அதில் "ஹாக்கெட்" என்ற சொல்லுக்கு இன்னும் நிறைவான தமிழ் கிடைக்கவில்லை. ஒரே மெட்டை இரண்டு குரல்கள் சுரம் சுரமாகப் பங்கிட்டுக்கொண்டு, ஒன்று ஓய்ந்த கணத்தில் மற்றது ஒலிக்கும்படி இசைப்பதே இந்த உத்தி.

குழுவின் முந்தைய மடலில் இதற்குப் பரிந்துரையாக வந்த "விக்கலிசை" மூலச்சொல்லுக்கு நெருக்கமானதுதான். பழைய பிரெஞ்சில் அது விக்கலையே குறித்தது. ஆனால் விக்கல் தானாக வருவது. இங்கே ஒவ்வோர் ஓய்வும் அளந்து வைக்கப்பட்டது. 1320களில் திருத்தந்தை 22ஆம் யோவான் வெளியிட்ட ஆணை, வழிபாட்டுப் பண்களை ஹாக்கெட்டுகள் துண்டாடுகின்றன என்று கண்டித்தது. அந்த ஏளனத்தை நாமும் பெயரில் சுமத்த வேண்டாம் என்பது என் கருத்து. "எதிரிசை" என்றால் முழு அடிகளை மாறி மாறிப் பாடுவதாகிவிடும். "விட்டிசை"யோ, குற்றெழுத்து அடுத்த எழுத்தோடு சேராமல் தனித்து ஒலிப்பதற்கு யாப்பிலக்கணம் முன்பே எடுத்துக்கொண்ட பெயர்.

அதே யாப்பில், ஓரடி விட்டு ஓரடியில் எதுகை அமைவதை இடையிட்டெதுகை என்கிறோம். அதையொட்டி "இடையிட்டிசை" என்று முன்மொழிகிறேன். வினையாக "இடையிட்டிசைத்தல்" என்றும் இயல்பாக வருகிறது. "14ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு இசையமைப்பாளர் கியோம் தெ மஷோ அமைத்த 'ஹோக்கெட்டுஸ் டேவிட்' மூன்று குரல்களுக்கானது, கீழ்க்குரல் நிலைத்து நிற்க, மேலிரண்டு குரல்களும் இடையிட்டிசைக்கின்றன" என்று எழுதிப் பார்த்தேன், வாக்கியம் தடுக்கவில்லை.

பயிற்சிப் பகுதியில்தான் இந்தச் சொல்லின் பயன் தெரிகிறது. வில்லால் வாசிக்கும் வியேல் கருவியில், சுரம் முடிந்ததும் வில்லைத் தூக்கினால் நரம்பு தொடர்ந்து அதிர்ந்து அடுத்தவரின் சுரத்தின்மேல் படிகிறது; வில்லை நரம்பின்மீதே நிறுத்தினால் இடம் தெளிவாகத் திறக்கிறது. இதோடு, முதலில் இருவரும் முழு மெட்டையும் சேர்ந்து வாசித்து மனத்தில் பதித்துக்கொண்டு, பிறகே பிரித்துக்கொள்ள வேண்டும். தமது ஓய்வில் ஒலிப்பது துணைவரின் சுரம் என்று உணர்ந்தவருக்குக் கணக்குத் தவறுவது குறைவு. இந்த நிலையை, "இடை" என்ற சொல் கற்பவருக்கு நேராகவே உணர்த்திவிடுகிறது.

இடையிட்டெதுகையோடு குழப்பம் நேருமென்று யாப்பறிந்தவர்கள் கருதினால், கையேட்டை முடிக்குமுன் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.

அன்புடன்.