புதுப்பிப்பு: மாடி அறைச் சூடு, சுண்ணாம்பு அடித்த பிறகு

எங்கள் விருதுநகர் வீட்டு மாடி அறை ராத்திரி பத்து மணிக்கும் அனலாக இருக்கிறது, ஏசி வாங்குவதா, வேறு வழி உண்டா என்று பங்குனியில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஏசி வாங்கவில்லை.

முதலில் மொட்டைமாடி. பாசியைச் சுரண்டிக் கழுவி, கிளிஞ்சல் சுண்ணாம்பில் பசை கலந்து இரண்டு கோட் அடித்தோம். கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து, ராத்திரியில் அதை அறைக்குள் விடுகிறது. வெள்ளைப் பரப்பு வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. சித்திரை மதியத்தில் வெறுங்காலோடு மாடியில் நிற்க முடிந்தது! ஹாலில் படுத்துக்கொண்டிருந்த அம்மா மறுபடி மாடி அறையில் தூங்குகிறார். எனக்கு அதுவே போதும்.

மேற்கு ஜன்னலுக்கு உள்பக்கம் கனமான திரை போட்டிருந்தேன். அது தப்பு. கண்ணாடியைத் தாண்டிவிட்ட வெயில் அறைக்குள் வந்ததுதான். வெளிப்பக்கம் மூங்கில் தட்டி கட்டியதும் சாயங்காலச் சூடு நன்றாகக் குறைந்தது.

அப்புறம் மின்விசிறி. பழையது 75 வாட், புதுசு பிஎல்டிசி (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் வகை), 30 வாட். தினம் 10 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் ஒரு விசிறிக்கு 27 யூனிட் மிச்சம்.

சுண்ணாம்பு மழையில் கரையும், பாசியும் பிடிக்கும். தை மாதம் இன்னொரு கோட் அடிக்க வேண்டும். மாடியில் தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு) பதிக்கவும் கொத்தனாரிடம் விலை கேட்டிருக்கிறேன்.