கடைசியாக வந்த அக்வாரியை ஏன் மறக்க முடியவில்லை?

கேள்வி: 1968 மெக்சிகோ நகர ஒலிம்பிக் மாரத்தானில் தங்கம் வென்ற எத்தியோப்பியாவின் மாமோ வோல்டேயைவிட, அவருக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கி வந்த தான்சானியாவின் ஜான் ஸ்டீபன் அக்வாரியே என் மனத்தில் நிற்கிறார். உங்களுக்கும் அப்படித்தானா?

பதில்: ஆம், எனக்கும் அப்படியே. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள அந்த நகரில், வழியில் விழுந்து முழங்காலில் பலத்த அடிபட்ட பின்னரும், வலது காலில் சுற்றிய கட்டுடன், இருட்டிய அரங்கத்துக்குள் அவர் நொண்டியபடியே ஓடி வந்தபோது, கலையாமல் எஞ்சியிருந்த கூட்டம் கைதட்டி வரவேற்றது. புறப்பட்ட 75 பேரில் 57 பேரே ஓட்டத்தை முடித்தார்கள். அவரும் விலகியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அதுதான் என்னை உலுக்குகிறது.

பதில்: 2000 சிட்னியில் 100 மீட்டர் நீச்சலை 1 நிமிடம் 52.72 விநாடியில் முடித்த எக்குவடோரியல் கினியின் எரிக் மூசம்பானியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உடன் நீந்த வேண்டிய இருவரும் முந்திப் பாய்ந்ததால் நீக்கப்பட, 50 மீட்டர் குளத்தை அங்கேதான் முதன்முதலாகக் கண்ட அவர், கை ஓய்ந்து திணறிய கடைசிப் பகுதியை அரங்கத்தின் ஆரவாரத்தில்தான் கடந்தார்.

கேட்டவர்: நன்றி. அவரே பின்னாளில் தம் நாட்டு நீச்சல் அணிக்குப் பயிற்சியாளரானார் என்பது எனக்குப் பெருமகிழ்ச்சி.