சாணி வண்டு நேராகப் போகிறது, மகனுடைய ரோபோ ஏன் போகவில்லை?

மீனா, ஜோஹன்னஸ்பர்க்:

வணக்கம். மகன் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக் கண்காட்சிக்கு இரண்டு சக்கர ரோபோ செய்திருக்கிறான். ஆர்டுயினோ (குட்டிக் கணினிப் பலகை), இரண்டு மோட்டார், நாலு பேட்டரி, என் டிபன் டப்பா மூடி. கராஜில் நேராக விட்டால் நாலு மீட்டருக்குள் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய் வாஷிங் மெஷினில் முட்டுகிறது.

லீவில் அடோ யானைப் பூங்காவுக்குப் போயிருந்தோம். சாணி வண்டுக்கு வழிவிடச் சொல்லி ரோட்டில் போர்டே வைத்திருக்கிறார்கள். (எங்கள் ஊரில் அதற்குள்ள பெயரை இங்கே எழுத முடியாது.) அன்றிலிருந்து, "அரிசியளவு மூளைகூட இல்லாதது பின்பக்கமாக உருட்டிக்கொண்டே நேராகப் போகிறது, என் ரோபோ போகவில்லையே" என்று ஒரே புலம்பல். வண்டு எப்படிப் போகிறது? அதை ரோபோவில் வைக்க முடியுமா? "இது விலங்கைப் பார்த்துக் காப்பி அடிப்பதுதானே, உயிரியலுக்கு என்ன லாபம்?" என்று அவன் டீச்சர் வேறு கேட்டாராம்.

பழைய ஃபிட்டர், டர்பன்:

மகளே, சர்க்கரை ஆலையில் முப்பது வருஷம் கன்வேயரோடு மல்லுக்கட்டியவன் சொல்கிறேன். ஒரே கடையில் வாங்கினாலும் இரண்டு மோட்டார் ஒரே வேகத்தில் சுற்றாது. வண்டுக்கு மட்டும் ஆறு காலும் ஒரே அளவாகவா இருக்கும்? அது எதையோ பார்த்துத் திருத்திக்கொண்டே போகிறது. எதை என்று தெரிந்தவர் யாராவது சொல்லட்டும்.

செல்வம், கேப் டவுன்:

ஐயா சொன்னது சரி. அது வானத்தைப் பார்க்கிறது. உருண்டை பிடித்ததும் அதன் மேல் ஏறி ஒரு சுற்றுச் சுற்றும், ஆட்டம் போடுவது மாதிரி. சூரியன் எந்தப் பக்கம் என்று அப்போது பதித்துக்கொள்ளும். நேராகப் போவதற்குக் காரணம் திருட்டு, மற்ற வண்டுகள் உருண்டையைப் பிடுங்கிக்கொள்ளும். வளைந்து போனால் மறுபடி சாணிக் குவியலில் இருக்கும் திருடர்களிடமே போய் நிற்கும்.

இரவில் உருட்டும் இனமும் உண்டு (அடோவில் பிரபலமானது பறக்காத இனம், அது வேறு). உங்கள் ஊர் விட்ஸ் பல்கலைக்கழகத்தின் மார்க்கஸ் பர்ன், ஸ்வீடனின் மரீ டாக்கே குழு இவற்றின் தலையில் குட்டி அட்டைத் தொப்பி மாட்டிப் பார்த்தது. வானம் தெரியாத வண்டு அலைந்தது. ஜோஹன்னஸ்பர்க் கோளரங்கத்தில் பால்வீதியை மட்டும் காட்டினார்கள், அப்போதும் நேராகப் போனது. இது 2013-இல் வெளிவந்தது.

டீச்சருக்குச் சுவர்க்கோழியைச் சொல்லுங்கள். ஆண் கத்தும், பெண் தேடிப் போகும். பாட்டை அடையாளம் காண மூளையில் ஓர் இடம், திசை பிடிக்க இன்னோர் இடம் வேண்டும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். 1990களில் பார்பரா வெப் ஒரு ரோபோ செய்தார். சுவர்க்கோழியின் காது முன்காலில் இருக்கிறது, இரண்டையும் உள்ளே குழாய் இணைக்கிறது. அதே அமைப்பைக் கொடுத்து, எந்தப் பக்கம் முதலில் பதில் தருகிறதோ அந்தப் பக்கம் திரும்பு, அவ்வளவுதான் என்றார். அது சரியான தாளத்துப் பாட்டுக்கு மட்டும் போனது, தாளம் மாறினால் கண்டுகொள்ளவில்லை. பாட்டை அடையாளம் காணத் தனி இடம் எதுவும் வைக்காமலே! இதை ஒரு பூச்சியை அறுத்துப் பார்த்துக் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசியுங்கள். எனக்கு இதுதான் காப்பிக்கும் சோதனைக்கும் உள்ள வித்தியாசம்.

எங்கள் ஊரிலும் உண்டு. கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் அமீர் படேல், சிவிங்கிப்புலி (சீட்டா) திரும்பும்போது வால் என்ன செய்கிறது என்று பார்க்க வால் வைத்த வண்டி செய்தார். பிறகு நிஜ வாலை அளந்தால் அது நினைத்ததைவிட லேசு, பெரும்பகுதி ரோமம். காற்றுச் சுரங்கத்தில் (காற்றை வேகமாக அடித்துச் சோதிக்கும் கூண்டு) வைத்துப் பார்த்தபோதுதான் காற்றைத் தள்ளுவதும் அதன் வேலை என்று தெரிந்தது.

உங்கள் பையனுக்கு: இரண்டு ஒளி உணரி வாங்கி இருபக்கமும் வைத்து, கராஜ் கோடியில் டார்ச் அடித்து விடச் சொல்லுங்கள்.

மீனா:

செய்துவிட்டான் அண்ணா. வாஷிங் மெஷின் தப்பித்தது. இப்போது டார்ச்சைப் போய்த் தள்ளிவிடுகிறது.

செல்வம்:

அது விட்டில்பூச்சி வேலை. வண்டு சூரியனிடம் போவதில்லை, அதை ஒரே பக்கத்தில் வைத்துக்கொண்டு நடக்கிறது. சூரியன் தொலைவில் இருப்பதால் கோணம் மாறாது, பாதை நேராக வரும். டார்ச் பக்கத்தில் இருந்தால் அதே விதி வட்டமடிக்க வைக்கும். முற்றத்துக்கு, மாலை வெயிலுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். நேராகப் போனதும் சூரியனை அட்டையால் மறைத்து, எதிர்ப்பக்கத்திலிருந்து கண்ணாடியால் வெயிலைத் திருப்பி அடிக்கட்டும். வண்டு அப்போது திரும்பிவிடும். ரோபோ என்ன செய்கிறது என்று எழுதுங்கள்.