சுதந்திரப் பதக்கத்தில் ராஜா கிரீடம்: எந்தப் பக்கத்தை வெளியே காட்டுவது?

உசிலம்பட்டிப் பேரன்:
தாத்தா மதராஸ் ரெஜிமென்டில் சிப்பாய். அவருடைய டிரங்குப் பெட்டியில் டிஸ்சார்ஜ் காகிதங்களுக்கு அடியில் ஒரு பதக்கம் கிடந்தது. காவி, வெள்ளை, பச்சை நாடா. ஒரு பக்கம் அசோகச் சிங்கம், 'இந்தியச் சுதந்திரம், 15 ஆகஸ்ட் 1947' என்று இங்கிலீஷில். திருப்பினால் அசோகச் சக்கரத்துக்கு மேலே ராஜ கிரீடம்! சுற்றிலும் ஆறாம் ஜார்ஜ் பெயர். "டூப்ளிகேட்டு மாப்ளே, சுதந்திரத்துக்குப் போய் எவனாவது வெள்ளைக்காரன் கிரீடத்தை வைப்பானா?" என்கிறார் மாமா. டவுன்ஹால் ரோட்டில் பிரேம் கடைக்காரரோ எந்தப் பக்கம் தெரியணும் என்று கேட்டுவிட்டு பதக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். என்ன சொல்ல?

கல்லுப்பட்டி எக்ஸ்-சர்வீஸ்:
தம்பி, அந்தப் பதக்கத்தின் அமைப்பே அப்படித்தான். மாமாவிடம் சொல்லுங்கள்: 1947-ல் நாம் குடியரசு ஆகவில்லை, டொமினியன்; அதாவது ஆட்சி நம்முடையது, பேருக்குத் தலைவர் பிரிட்டிஷ் ராஜா. பிரதமர் நேரு, 1948-லிருந்து கவர்னர் ஜெனரல் நம்ம ராஜாஜி. ஆனாலும் 1950 ஜனவரி 26 வரை சட்டப்படி ராஜா ஜார்ஜ்தான். விளிம்பைப் பாருங்கள். நம்பர், ரேங்க், பெயர் பொறித்திருக்கும். வீட்டில் யாரும் புளி போட்டு விளக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எழுத்து தேய்ந்துவிடும்.

வைகைக்கரை:
சிங்கத்தையே காட்டுங்கள். குடியரசு ஆன அன்றே போர் வீரத்துக்கான உச்ச விருதான பரம்வீர் சக்கரத்தை அறிவித்து, 1947 ஆகஸ்ட் 15 முதல் செல்லும் என்றார்கள். அதில் கிரீடம் கிடையாது. நாடே இறக்கி வைத்ததை நீங்கள் ஏன் சுவரில் ஏற்றணும்?

உசிலம்பட்டிப் பேரன்:
விளிம்பில் தாத்தா பெயர் இருக்கிறது! ஸ்பெல்லிங்கில் ஓர் எழுத்து கூடுதல், பரவாயில்லை. வைகைக்கரை அண்ணே, கோபிக்காதீர்கள், கிரீடப் பக்கத்தைத்தான் வைக்கப்போகிறேன். முறைப்படி அதுதான் முகப்பு. சக்கரமும் வந்தாச்சு, கிரீடமும் போகவில்லை என்ற இரண்டரை வருஷம் அதில்தானே தெரிகிறது. மாமா வீட்டுக்கு வந்தால் சிங்கத்தை போனில் காட்டிக்கொள்கிறேன்.

கல்லுப்பட்டி எக்ஸ்-சர்வீஸ்:
பெட்டியை இன்னொரு தடவை துழாவுங்கள். இரண்டாம் உலகப் போர் காலத்திலேயே சேர்ந்தவர் என்றால் இந்தியா சர்வீஸ் மெடலும் இருக்கலாம். அதன் பின்பக்கம் பிரிக்கப்படாத இந்தியாவின் வரைபடம். லாகூர், டாக்கா எல்லாம் உள்ளே. கிடைத்தால் பிரேமை அகலமாகப் போடச் சொல்லுங்கள்.