14 நாள் விதி: உறைநிலையில் இருந்த காலமும் கணக்கில் வருமா?

நுண்ணோக்கி:
ஆய்வகத்தில் மனிதக் கருவை 14 நாளுக்கு மேல் வளர்க்கக் கூடாது என்பது விதி. பிரிட்டனில் ஆராய்ச்சிக்குத் தானமாக வந்த 5ஆம் நாள் பிளாஸ்டோசிஸ்ட் (தொடக்க நிலைக் கரு), 3 வருடம் உறைநிலையில் இருந்தது. உருக்கி வளர்த்தால் 14 நாளை எங்கிருந்து எண்ணுவது? உருக்கிய நாளிலிருந்தா? இந்தியாவில் என்ன நிலை?

சட்டப்புள்ளி:
உருக்கிய நாளிலிருந்து இல்லை. பிரிட்டனின் 1990 மனிதக் கருத்தரிப்பு, கருவியல் சட்டத்தின் 3ஆம் பிரிவுப்படி, கரு உருவாகத் தொடங்கிய நாளையும் சேர்த்து 14 நாள். உறைநிலைக் காலம் மட்டும் கழிக்கப்படும்.

கணக்கு தப்புவது அந்த 'சேர்த்து' என்ற இடத்தில்தான். முட்டையும் விந்தும் கலந்த நாள் ஆய்வகத்துக்கு 0; சட்டத்துக்கு 1. ஆகவே சட்டத்தின் 14ஆம் நாள், உங்கள் ஏட்டில் 13. நீங்கள் சொல்லும் கரு உறையும்போதே 6 நாள் செலவாகிவிட்டது, மிச்சம் 8. அதற்கு முன்பே பிரிமிட்டிவ் ஸ்ட்ரீக் (உடல் அச்சின் முதல் கோடு) தோன்றினால் அப்போதே நிறுத்த வேண்டும். மீறினால் 10 ஆண்டு வரை சிறை.

வளர்ப்புத்தட்டு:
ஸ்ட்ரீக்கைக் கண்ணால் பார்த்து நிறுத்தலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். தட்டில் ஒட்டி வளரும் கரு தட்டையாகப் பரவிவிடும். சாதாரண நுண்ணோக்கியில் அந்தக் கோடு பிடிபடாது. கடிகாரத்தை நம்புங்கள். உறைய வைத்த நேரம், உருக்கிய நேரம் இரண்டையும் மணி, நிமிடத்தோடு எழுதிவையுங்கள். கெடு முடியும் முன்பே 4% பாராஃபார்மால்டிஹைடில் (வளர்ச்சியை நிறுத்தி, திசுவை அப்படியே காக்கும் வேதிப்பொருள்) போட்டு நிலைப்படுத்திவிடுங்கள். 2016இல் கருவை நீண்ட நாள் வளர்த்துக் காட்டிய இரு குழுக்களும் 14 நாள் எல்லையைத் தாண்டவில்லை.

என்னைக் கேட்டால், இந்த விதியைப் பரிந்துரைத்த பிரிட்டனின் 1984 வார்னாக் குழு 14ஐப் பிடித்ததில் உயிரியலைவிட நடைமுறை அறிவுதான் அதிகம். எண்ணிச் சரிபார்க்க முடிகிற எல்லை அது.

கடலோரம்:
இந்தியாவில் 14 நாள் என்பது ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 ஸ்டெம் செல் வழிகாட்டுதலில் இருக்கிறது: 14 நாள் அல்லது ஸ்ட்ரீக், எது முந்துகிறதோ அது. 2021 ஏ.ஆர்.டி. (செயற்கைக் கருத்தரிப்பு) சட்டம் பேசுவது வேறு: கருவை அதிகபட்சம் 10 ஆண்டு சேமிக்கலாம், பிறகு அழியவிட வேண்டும், அல்லது தம்பதியின் ஒப்புதலோடு பதிவுபெற்ற ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தரலாம். வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வழியில்லை. சொந்தப் பயன்பாட்டுக்கு எடுத்துச்செல்லவே தேசிய வாரியத்தின் அனுமதி வேண்டும்.

நுண்ணோக்கி:
நன்றி. தந்தவர்களில் ஒருவர் நடுவில் மனம் மாறினால்?

சட்டப்புள்ளி:
பிரிட்டனில் முட்டை தந்தவர், விந்து தந்தவர் இருவரின் ஒப்புதலும் நிற்க வேண்டும். கரு ஆய்வில் பயன்படும் வரை யார் வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். பயன்பட்ட பிறகு முடியாது. அதனால் ஒப்புதல் ஆவணத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் உருக்க வேண்டும்.