குன்னூர் புல்தரையில் பாசி: அன்னபேதியா, சுண்ணாம்பா, வடிகாலா?

தேயிலைச்சரிவு
குன்னூரில் வீட்டு முன்னால் 3 சென்ட் கிக்குயு புல்தரை. மலையை வெட்டிச் சமப்படுத்திய இடம், மேல்பக்கம் தடுப்புச்சுவர். தெற்கு ஓரத்தில் சைப்ரஸ் வரிசை. மரத்தடியில் தொடங்கிய பாசி இப்போது பாதித் தரைக்கு மெத்தையாகப் படர்ந்துவிட்டது. மண் பரிசோதனையில் பி.எச். 5.1, அதாவது அமில மண். தோட்ட வேலை பார்ப்பவர் சுண்ணாம்பு போடச் சொல்கிறார், உரக்கடையில் அன்னபேதி போதும் என்கிறார்கள். எதை முதலில் செய்வது?

உரமூட்டை
அன்னபேதிதான், அதாவது ஃபெரஸ் சல்பேட். சதுர மீட்டருக்கு 8 கிராம். 3 சென்ட் என்பது ஏறக்குறைய 120 சதுர மீட்டர், முழுத் தரைக்கும் அடித்தாலே ஒரு கிலோவுக்குள் முடிந்துவிடும். 16 லிட்டர் பிளாஸ்டிக் தெளிப்பானில் 160 கிராம் கரைத்து, ஒரு டேங்கை 20 சதுர மீட்டருக்கு அடியுங்கள். வாங்கும்போது வெளிர்பச்சைப் படிகமாக இருக்கிறதா என்று பாருங்கள். துருநிறமாகிவிட்டால் காற்றுப்பட்டு வீணான சரக்கு. கரைத்ததைத் துணியில் வடிகட்டாவிட்டால் நாசில் அடைத்துக்கொள்ளும்.

பாசி ஓரிரு நாளில் கறுக்கும். இரண்டு வாரம் விட்டு, முழுக்கச் செத்தபின் கம்பி ரேக்கால் வாரி எடுங்கள். உயிரோடு வாரினால் சிதறும் துணுக்கெல்லாம் புதிதாகப் பிடித்துக்கொள்ளும். சிமென்ட் நடைபாதையில் பட்டால் துருக்கறை போகவே போகாது, உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

காளவாய்
உரமூட்டை சார், பி.எச். 5.1 உள்ள மண்ணில் மேலும் அமிலமான உப்பையே ஊற்றச் சொல்கிறீர்களே! இந்த அளவு புளித்த மண்ணில் அலுமினியமும் இரும்பும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், புல்லுக்குக் கிடைக்காது. நுண்ணுயிர்கள் மந்தமாகும். காய்ந்த தண்டும் வேரும் மக்காமல் மேலே அடுக்காகச் சேரும். அந்த அடுக்கு ஈரத்தை இழுத்து வைத்துப் பாசிக்குப் படுக்கை போட்டுக் கொடுக்கும். டோலமைட், அதாவது மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் தூள், சதுர மீட்டருக்கு 150 கிராம், மொத்தம் 18 கிலோ. தேயிலைத் தோட்டங்களுக்கு விற்கிற அதே சரக்குதான்.

கல்லுளி
காளவாய் அண்ணே, பழைய வீடுகளின் சுண்ணாம்புக் காரைச் சுவரைப் பார்த்திருப்பீர்கள். மழை வடிகிற இடமெல்லாம் பாசி பச்சையாக ஏறியிருக்கும். காரத்திலும் அதற்கு ஒரு குறையும் இல்லை. கிக்குயுவும் அமில மண்ணை ஓரளவு தாங்குகிற புல்தான். 5.1 நல்ல எண் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பாதித் தரையில் மட்டும் பாசி என்கிறார். மீதிப் பாதியின் மண் மட்டும் இனிப்பாகவா இருக்கிறது?

தேயிலைச்சரிவு, மேல்பக்கம் தடுப்புச்சுவர் என்றீர்களே, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மலையை வெட்டிய தளத்தில், மழை விட்ட பிறகும் சரிவின் உள்ளிருந்து நீர் கசிந்து சுவரடியில் வெளிவந்துகொண்டே இருக்கும். பாசியும் புல்லும் கலந்து நிற்கும் இடத்தில் ஒரு அடி ஆழக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் நின்றால் அன்னபேதியும் வேண்டாம், டோலமைட்டும் வேண்டாம், முதலில் கால்வாய்.

சுவரடியை ஒட்டி வெட்டாதீர்கள், அஸ்திவாரம் பலவீனப்படும். இரண்டடியாவது தள்ளி, ஓரடி அகலம், ஒன்றரை அடி ஆழம், நூறு அடிக்கு ஓரடி சரிவு. அடியில் வடிகட்டித் துணி விரித்து, துளையிட்ட 4 அங்குலக் குழாய் வைத்து, முக்கால் அங்குல ஜல்லி நிரப்பித் துணியை மேலே மூடுங்கள். துணியை மிச்சம் பிடித்தால் செம்மண் வண்டல் இறங்கி ஜல்லி அடைந்துபோகும், பிறகு தோண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. சுவரில் விட்ட நீர்த்துளைகள் அடைந்திருந்தால் அவற்றையும் குத்தி விடுங்கள். கூரைத் தண்ணீர் தரையில் விழுகிறதா என்பதும் கேள்வி.

உரமூட்டை
கால்வாய் வெட்டினால் இருக்கிற பாசி தானாகச் சாகுமா கல்லுளி? காய்ந்து சுருண்டு கிடக்கும், ஒரு மழைக்கு மறுபடி நிமிரும். பாசிக்கு வேரே கிடையாது, உடம்பாலேயே தண்ணீர் குடிக்கிற ஜாதி. வெயிலில் பழுப்பானதைப் பார்த்துச் செத்துவிட்டது என்று நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். மருந்தடிக்கும்போதும் இதே கதை: காய்ந்த பாசி மருந்தை உறிஞ்சாது. பிப்ரவரியில் அடிப்பதானால் பனி ஈரம் இருக்கும் காலையில் அடியுங்கள், இல்லையென்றால் முந்தின மாலை தண்ணீர் விடுங்கள். அடித்தபின் ஒரு நாளாவது மழை கூடாது.

காளவாய்
சரி, அடியுங்கள். ஆனால் வாரி எடுத்த வெற்றிடத்தில் எது முளைக்கும்? பட்டினி கிடக்கிற மண்ணில் புல்லை முந்திக்கொண்டு பாசிதான் வரும்.

உரமூட்டை
அதற்குத்தான் மாதக் கணக்கு. பிப்ரவரியில் அடி, மார்ச்சில் வாரு, ஏப்ரல் கோடைமழை தொடங்கியதும் நல்ல பக்கத்திலிருந்து வேர்க்கணுவோடு கிக்குயு துண்டுகளை எடுத்து அரையடிக்கு ஒன்று நட்டு, அவை பிடித்த பிறகு தழைச்சத்து (நைட்ரஜன்) உரமான அம்மோனியம் சல்பேட் சதுர மீட்டருக்கு 20 கிராம். புல் வேகமாக ஓடுகிற பருவம் அது. வடகிழக்குப் பருவமழை முடிகிற டிசம்பரில் பாசியைக் கொன்று தரையைத் திறந்து போட்டீர்களானால் குளிரில் புல் நகராது, பாசிக்கு நாமே இடம் கொடுத்ததாகும்.

காளவாய்
அம்மோனியம் சல்பேட் 100 கிலோ உண்டாக்குகிற அமிலத்தைச் சமன்செய்ய 110 கிலோ சுண்ணாம்புக்கல் வேண்டும். 20 கிராம் கணக்கில் ஒரு தடவைக்கு 2.4 கிலோ. வருடம் இரண்டு முறை போட்டால் 5 கிலோவுக்குமேல் சுண்ணாம்பு அதை ஈடுகட்டவே போய்விடும். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கல்லுளி
இந்தக் கணக்கு சரி. ஆனால் 18 கிலோ என்று எந்த ஆதாரத்தில் சொன்னீர்கள்? பி.எச். எண் மட்டும் சுண்ணாம்பின் அளவைச் சொல்லாது. மட்கு அதிகமுள்ள மலைமண் அதே 5.1லிருந்து ஏற மணல்மண்ணைவிடப் பல மடங்கு கேட்கும். பரிசோதனை நிலையத்தில் சுண்ணாம்புத் தேவை என்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். மாதிரியும் பாசிப் பக்கம், புல் பக்கம் எனத் தனித்தனியாக, பக்கத்துக்குப் பத்து இடத்தில் மேல் 10 சென்டிமீட்டர் மண். இரண்டு எண்ணும் ஒன்றாக வந்தால் உங்கள் வாதம் விழுந்தது அண்ணே.

காளவாய்
விழாது. நல்ல வெயிலில் புல் புளிப்பைச் சமாளிக்கும், நிழலில் சமாளிக்காது. தனியாகச் சோதிக்க வேண்டும் என்பதை மட்டும் ஏற்கிறேன். தேயிலைச்சரிவு, டோலமைட் போடுவதானால் செப்டம்பரில் போடுங்கள். அம்மோனியம் சல்பேட்டோடு சேர்த்தால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும், அன்னபேதியோடு சேர்த்தால் இரும்பு துருவாக இறங்கி மருந்தே வேலை செய்யாது. நீற்றுச் சுண்ணாம்பு பக்கம் போகவே வேண்டாம், புல் கருகும்.

நிழல்வாசி
மூன்று பேரும் சைப்ரஸைத் தாண்டிப் போய்விட்டீர்கள். கிக்குயு வெயில் புல். தெற்கே மரவரிசை என்றால் பாசி உச்சத்தில் இருக்கிற நவம்பர் முதல் ஜனவரி வரை சூரியனும் தெற்கே சாய்ந்து, நிழல் முழுக்கத் தரைமேல் விழும். நாளுக்கு நாலு மணி நேர நேர்வெயில் இல்லாத பட்டையில் என்ன செய்தாலும் அடுத்த வருடம் பாசி திரும்பும். அங்கே கிக்குயுவை விட்டுவிட்டு நிழல் தாங்கும் மாண்டோ புல் நடுங்கள், இல்லை பாசியையே இருக்க விடுங்கள், பார்க்க அசிங்கமாகவா இருக்கிறது? மரத்தை வெட்டலாம் என்று யாரும் சொல்லக்கூடும். நீலகிரியில் 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் உண்டு, அனுமதியில்லாமல் தொட முடியாது. கீழ்க்கிளை கழிப்பதற்குக்கூட முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உரமூட்டை
மரத்தடிப் பட்டையை விட்டுக்கொடுக்கிறேன் அக்கா, அதற்குமேல் ஓர் அடிகூட இல்லை. மிச்சத்தில் புல்லை 4 சென்டிமீட்டருக்குக் கீழே வெட்டாதீர்கள், நிழல் படும் பக்கம் 5 அல்லது 6. மழைக்காலத்தில் மொட்டையாக வெட்டுவதுதான் பாதித் தரைப் பாசிக்குக் காரணம்.

தேயிலைச்சரிவு
குழியில் தண்ணீர் மறுநாளும் நின்றது, சுவரோரம் அதிகமாகவே. கடைக்காரர் பிளீச்சிங் பவுடர், மயில்துத்தம் இரண்டையும்கூட எடுத்துக் காட்டினார்.

கல்லுளி
இரண்டும் வேண்டாம். பிளீச்சிங் பவுடர் புல்லையும் சேர்த்துச் சுட்டுவிடும், மயில்துத்தத்தின் செம்பு மண்ணிலேயே தங்கி மண்புழுவைக் கொல்லும்.

தண்ணீர் நிற்கிறதென்றால் முடிவு தெரிந்துவிட்டது. கால்வாயை ஜனவரி, பிப்ரவரியில் காய்ந்த மண்ணில் வெட்டுங்கள். ஈரத்தில் வெட்டினால் களிமண் பக்கவாட்டில் பூசிக்கொண்டு நீரை உள்ளே விடாது. அதே வாரம் உரமூட்டை சொன்ன மருந்தையும் அடித்துக்கொள்ளலாம், ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை. வாரி எடுத்தபின் கார்டன் ஃபோர்க்கால் 10 சென்டிமீட்டருக்கு ஒரு குத்து, அதே ஆழம். பிறகு கழுவிய கரடுமணலை 3 மில்லிமீட்டர் கனத்துக்குத் தூவித் துடைப்பத்தால் துளைக்குள் தள்ளுங்கள். முழுத் தரைக்கு ஏறக்குறைய 13 கன அடி ஆகும். கிரஷர் தூள் வேண்டாம், இறுகி சிமென்ட் மாதிரி ஆகிவிடும். குழாயின் வெளிவாயைக் கீழ்வீட்டுக்காரர் சுவர்மேல் விடாமல் ஓடைக்கோ தெருச் சாக்கடைக்கோ கொண்டுபோங்கள், வாயில் எலி நுழையாமல் கம்பிவலை கட்டிவிடுங்கள்.