கனடா ஸ்கார்பரோ குளிரில் துளசி இலை கொட்டுகிறது, ஹீட் மேட் போதுமா?

பால்கனித்தோட்டம்:
எட்டாவது மாடி, 10 அங்குலத் தொட்டியில் கருந்துளசி. அக்டோபர் முதல் வாரம் உள்ளே எடுத்தேன். தெற்கு ஜன்னல், கீழே ஹீட்டர். மூன்றே வாரத்தில் அடி இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டிவிட்டது, கண்ணாடிப் பக்கத்து இலைகள் கருத்துவிட்டன. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். மார்கழி பூஜைக்கு இலை வேண்டும். தொட்டிக்கு அடியில் வைக்கும் மின்சாரச் சூட்டு விரிப்பு, அதுதான் ஹீட் மேட், வாங்கட்டுமா?

மண்புழு:
ரெண்டும் வேற வேற கோளாறு. கருப்பு குளிரால். 10 டிகிரிக்குக் கீழே போனாலே துளசி இலை கருகும். அறை 21 காட்டினாலும் ராத்திரி கண்ணாடியை ஒட்டின காற்று அப்படி இருக்காது. ஒரு சாண் தள்ளி வையுங்க. திரை, செடிக்கும் கண்ணாடிக்கும் நடுவில வரணும். செடி அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டா ஃபிரிட்ஜுக்குள்ள வெச்ச மாதிரிதான். அடுத்த வருஷம் இரவு 12 டிகிரிக்கு இறங்கும்போதே, செப்டம்பர் நடுவிலேயே உள்ளே எடுங்க.

மஞ்சள் தண்ணீரால். டிசம்பரில் அங்கே பகலே 9 மணி நேரம்தான், வெயில் இல்லாத செடி தண்ணி குடிக்காது. ஈர மண்ணில் வேர் அழுகும். விரலை ஓர் அங்குலம் விட்டுப் பாருங்க, மண் ஒட்டினா ஊத்தாதீங்க. ஊத்தும்போது வெதுவெதுன்னு ஊத்துங்க, தட்டில் தேங்கினதைக் கால் மணியில் கொட்டிடுங்க.

கமலம்:
மேட் விதை முளைக்க வைக்கத்தான் சரி. இவ்வளவு பெரிய தொட்டிக்கு அடிமண்ணை மட்டும் சுட வைக்கும். அதற்குத் தொட்டிக்கு அடியில் ஒரு தெர்மாகோல் பலகை போதும். காசை விளக்கில் போடுங்க: வெள்ளை எல்.ஈ.டி. வளர்ப்பு விளக்கு, நுனியிலிருந்து 25 செ.மீ. உயரத்தில், டைமர் வைத்து தினம் 14 மணி நேரம். வெளிச்சமில்லாமல் சூடு மட்டும் கொடுத்தால் செடி வெளிறி நீளும்.

ஹீட்டர் காற்று நேரே படக்கூடாது. வறண்ட காற்றில் செஞ்சிலந்திப் பேன் வரும்: இலையில் ஊசிமுனைப் புள்ளி, கணுவில் மெல்லிய வலை. வெள்ளைத்தாள் மேல் கிளையைத் தட்டினால் நகரும் புள்ளிகள் விழும். ஷவரில் இலையின் அடிப்பக்கத்தைக் கழுவுங்க, 4 நாளைக்கு ஒருமுறை, மூன்று தடவை. முட்டை பொரிந்து வருவதையும் பிடிக்கணுமே. தீர்த்தத்தில் போடுற இலைக்கு வேப்பெண்ணெய் வேண்டாம்.

பால்கனித்தோட்டம்:
சரிங்க அக்கா, விளக்கே வாங்குறேன். கதிர் விட்டிருக்கு, கிள்ளலாமா? அம்மா வேண்டாம்கிறாங்க.

கமலம்:
கிள்ளணும். விதை முற்ற விட்டால் துளிர் நின்று செடி தளரும். கதிர் பெருமாளுக்கே போகுதுன்னு அம்மாகிட்ட சொல்லுங்க, துவாதசி அன்னிக்கு மட்டும் கை வைக்காதீங்க. இருக்கிற பத்துப் பதினைந்து இலையைத் தினம் பறித்தால் தை வரை தாங்காது. நல்லதாய் உதிர்ந்ததைக் கழுவி நிழலில் உலர்த்தி வையுங்க. துளசிக்குப் பழசுங்கிற தோஷம் கிடையாது.

மண்புழு:
தண்டை நகத்தால லேசா சுரண்டுங்க. உள்ளே பச்சைன்னா உயிர் இருக்கு. இப்பவே பூ விடாத இளநுனி ரெண்டு, 10 செ.மீ. நீளம் வெட்டி, கீழ் இலைகளை எடுத்துட்டுத் தண்ணித் தம்ளர்ல விளக்கடியில வையுங்க. ரெண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணி மாத்தினா ரெண்டு வாரத்துல வேர் வரும். கட்டைத் தண்டுல எடுத்தா வேர் பிடிக்கிறது கஷ்டம். தாய்ச்செடிக்குப் புதுத் துளிர் வர்ற வரைக்கும் உரம் போடாதீங்க.